ஆல்ட்+டேப் அழுத்தினால் எட்ஜ் டேப்களும் சேர்ந்து வருகிறதா?

ஆல்ட்+டேப் அழுத்தும்போது எக்செல், வேர்டு ஜன்னல்களுக்கு நடுவே எட்ஜ் பிரவுசரில் திறந்திருக்கும் டேப்களும் தனித்தனியாக வரிசை கட்டுகின்றன என்கிறீர்கள். கீபோர்டில் கோளாறு எதுவும் இல்லை, விண்டோஸில் இருக்கும் ஒரு அமைப்புதான் காரணம். செட்டிங்ஸ் திறந்து சிஸ்டம், அதற்குள் மல்டிடாஸ்கிங் போங்கள். ஆல்ட்+டேப் பற்றிய வரியில் டேப்களைக் காட்ட வேண்டாம் என்று மாற்றிவிடுங்கள். விண்டோஸ் 10 என்றால் அங்கே 'ஓப்பன் விண்டோஸ் ஒன்லி' என்று இருக்கும். எட்ஜுக்குள் டேப் மாற கன்ட்ரோல்+டேப் போதும்.

அப்புறம், தேடிய ஜன்னலைத் தாண்டிப் போய்விடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆல்ட்டை விடாமல் ஷிஃப்ட்+டேப் அழுத்தினால் பின்னால் வரும். கை அவசரப்படுகிறது என்றால் கன்ட்ரோல்+ஆல்ட்+டேப். விரலை எடுத்தாலும் பட்டியல் அப்படியே நிற்கும். அம்புக்குறியால் நிதானமாகத் தேர்ந்து என்டர் தட்டலாம்.

நான் ஆல்ட்+டேப்பை அவ்வளவாகத் தொடுவதே இல்லை. எக்செலை டாஸ்க்பாரில் இரண்டாவது ஐகானாகப் பின் (pin) செய்து வைத்திருக்கிறேன். விண்டோஸ் கீ+2 அழுத்தினால் நேரே அங்கே போய்விடும். மூன்று ஃபைல்கள் திறந்திருந்தால் விண்டோஸ் கீயைப் பிடித்தபடி 2-ஐத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள், ஒவ்வொன்றாக மாறும். கடைசியாக வேலை செய்த ஃபைல் மட்டும் வேண்டுமா? கூடவே கன்ட்ரோலையும் அழுத்துங்கள்.