இறக்கம் யாருக்கு எளிது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அக்டோபரில் அம்மாவுடன் மெக்சிகோ போகிறேன். குவானஹுவாத்தோவில் மூன்று இரவு. மலைச்சரிவில் ஒரு பழைய வீட்டை எட்டு அறை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். மொட்டைமாடியிலிருந்து ஊரே தெரிகிறது, வண்ண வண்ண வீடுகள். அம்மாவுக்கு 64 வயது, மூட்டுவலி உண்டு. "மேலே சுற்றுச்சாலைவரை டாக்சி வரும், அங்கிருந்து இறங்கினால் போதும்" என்கிறார்கள். மேல்தள அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? மம்மி அருங்காட்சியகம் பார்க்கத் தகுந்ததா?

ச.

அன்புள்ள ச.,

மூட்டுவலிக்காரரிடம் "இறங்கினால் போதும்" என்று யார் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதைப் பற்றி எழுதத்தான் கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

மம்மிகளை விடுங்கள். பார்க்காவிட்டால் குடி முழுகாது.

ஏறும்போது தொடைத்தசை உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை இழுபட்டுக்கொண்டே பிரேக் போடுகிறது. மடங்கிய ஒற்றைக் காலில் மொத்த எடையும் இறங்கி, முட்டிச்சில்லை எலும்போடு அழுத்துகிறது. ஏறினால் வாங்குவது மூச்சு, நின்றால் சரியாகிவிடும். இறங்கினால் நோவது முட்டி. அது மறுநாள் காலையில்தான் கணக்குக் கேட்கும். அம்மா வீட்டு மாடிப்படியில் எப்போது கைப்பிடியைத் தேடுகிறார், ஏறவா இறங்கவா? கவனித்ததுண்டா?

சுற்றுச்சாலைக்கும் விடுதிக்கும் 40 மீட்டர் உயர வித்தியாசம் என்று வையுங்கள். படிக்கு 18 செ.மீ. வீதம் 220 படிகள். அவையும் ஒரே அளவில் இருக்காது. ஒன்று 15 செ.மீ. இருந்தால் அடுத்தது 22. முந்தைய படியின் உயரத்தை நம்பித்தான் கால் அடுத்த படிக்குப் போகிறது, இரண்டு செ.மீ. மாறினாலே தடுக்கிவிடும். அக்டோபரில் மழைக்காலத்தின் வால் இருக்கும். தேய்ந்த கல் நனைந்தால் சோப்புதான்.

ஸ்பானியர்கள் மெக்சிகோவின் மற்ற ஊர்களான புவேப்லாவையும் வாஹாகாவையும் சதுரங்கக் கட்டம்போல் அளந்து போட்டார்கள். குவானஹுவாத்தோவில் வெள்ளி கிடைத்தது மலையிடுக்கில். கட்டம் போட இடமில்லை. பெரிய மாளிகைகள் அடிவாரத்தில் நின்றன, சரிவில் சிறு வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. நீங்கள் "வண்ண வண்ண வீடுகள்" என்று எழுதியிருப்பவை அவைதான். எரிவாயு உருளையைத் தோளில் சுமந்து அந்தப் படிகளில் ஏறும் ஆளுக்கு அது காட்சி அல்ல. விடுதிக்காரர்கள் அதை "ஊரின் அழகு" என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

மேல்தள அறைக்குக் கூடுதல் பணமா? தண்ணீர் வருவது மொட்டைமாடித் தொட்டியிலிருந்து. அதைத் தினாக்கோ என்பார்கள். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு "பார்" (அழுத்தத்தின் அலகு) கிடைக்கும். மேல்தள ஷவர் தொட்டிக்கு ஒன்றரை மீட்டர் கீழே இருந்தால் கிடைப்பது 0.15 பார், வெறும் ஒழுகல். தண்ணீரைச் சேர்த்துவைக்காமல் ஓடும்போதே சூடாக்கும் எரிவாயு ஹீட்டர் குறைந்தபட்ச ஓட்டம் வந்தால்தான் பற்றும். ஒழுகலில் பற்றாது, அல்லது பற்றி அணைந்து பச்சைத்தண்ணீர் கொட்டும். அழுத்தப் பம்பு இருக்கிறதா என்று கேளுங்கள், "பிரெசூரிசதோர்" என்றால் புரியும். இல்லையென்றால் ஊர் முழுவதையும் பார்க்கும் அறையில் குளிக்க முடியாது.

ஊர் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டியைவிடச் சற்றுத் தாழ்வு. கடல்மட்டத்தைவிடக் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முதல்நாள் அம்மாவை எங்கும் ஏற வைக்காதீர்கள்.

சரி, எங்கே தங்குவது? பசேயோ தெ லா பிரேசா சாலையில் பாருங்கள். பழைய மாளிகைகள், வாசல்வரை கார் வரும், நடுவூருக்குப் பேருந்து உண்டு. நடுவூரிலேயேதான் வேண்டுமென்றால் ஹர்தின் தெ லா உனியோன் பூங்காவை ஒட்டி வேண்டாம்; இரவில் பாட்டுக்கோஷ்டிகள் கிளம்பும் இடம் அது. இரண்டு தெரு தள்ளி, உள்முற்றம் பார்த்த தரைத்தள அறையாகக் கேளுங்கள். அக்டோபரில் செர்வாந்தினோ கலைவிழா, 1972 முதல் நடக்கிறது. அறை உடனே போய்விடும். காட்சிக்கு ஹுவாரெஸ் நாடக அரங்கின் பின்னாலிருந்து மலைமேல் நிற்கும் பீப்பிலா சிலைக்கு இழுவை ரயில் ஏறுகிறது. அதிலேயே இறங்கவும் வேண்டும். "இறக்கம்தானே, நடப்போம்" என்று அம்மா சொல்வார், கேட்காதீர்கள்.

வரைபடச் செயலியை நம்பாதீர்கள். பழைய ஆற்றுப்படுகையில் ஓடும் சுரங்கச்சாலையில் வண்டி போகும்போது, செல்பேசி தலைக்கு மேலிருக்கும் தெருவைக் காட்டும்.

தவிர்க்க முடியாத படிகளில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள கால் முதலில். கைத்தடி நோவுள்ள காலுக்கு எதிர்க்கையில். இதை இங்கேயே ஒரு வாரம் பழக்குங்கள், அங்கே போய் அல்ல.

பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்கு இதை ஸ்பானிய மொழியில் எழுதி அனுப்புங்கள்: "குவாந்தோஸ் எஸ்கலோனெஸ் ஆய் தெஸ்தே எல் தாக்சி ஆஸ்தா எல் குவார்த்தோ?" (¿Cuántos escalones hay desde el taxi hasta el cuarto?) டாக்சியிலிருந்து அறைவரை எத்தனை படி என்று அர்த்தம். எண் வந்தால் யோசிக்கலாம். "போக்கோஸ்", அதாவது கொஞ்சம்தான் என்று பதில் வந்தால் வேறு விடுதி பாருங்கள்.