பேசாத எம்.பி. ஜார்ஜ் செல்வின்: கேள்வி பதில்

கே: 44 ஆண்டுகள் எம்.பி.யாக இருந்தும் செல்வின் ஒரு தடவைகூடப் பேசவில்லையாமே?

1747இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்கள் சபைக்குள் நுழைந்து, 1791இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். பேசியதாகப் பதிவு இல்லை. ஆனால் அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் சபை விவாதங்களை அச்சிடுவதே சபையின் உரிமையை மீறும் குற்றம். 'பதிவில்லை' என்றால் 'பேசவில்லை' என்று உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனாலும் செல்வின் பேசவே இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சபையில் நன்றாகத் தூங்குவார் என்பது ஊரறிந்த சங்கதி.

கே: வாயே திறக்காதவருக்கு யார் ஓட்டுப் போட்டார்கள்?

நல்ல கேள்வி. இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் லட்கர்ஷால் என்று ஒரு சின்ன ஊர், இரண்டு எம்.பி. இடங்கள். ஊர் செல்வின் குடும்பத்தின் கைக்குள். 1754இல் க்ளாஸ்டர் நகரத்துக்கு மாறினார். அங்கே வாக்காளர்களைத் தேடிப் போய்க் குழைய வேண்டும், அது அவருக்குப் பிடிக்காது. 1780இல் க்ளாஸ்டர் கைவிட்டதும் அதே ஆண்டு லட்கர்ஷால் வழியாகத் திரும்ப வந்துவிட்டார். தன் கையிலிருந்த இடங்களை அரசுக்கு வேண்டியவர்களுக்குத் தந்து, பதிலுக்குச் சம்பளப் பதவிகளை அனுபவித்தார்: நாணயச்சாலையில் ஒன்று, கரீபியனிலுள்ள பார்படோஸ் தீவின் நீதிமன்றப் பதிவாளர் பதவி ஒன்று, அரசுக் கட்டட வேலைகளுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் பதவி ஒன்று. பார்படோஸ் பக்கம் அவர் போனதே இல்லை. வேலையை வேறொருவர் பார்த்தார், சம்பளம் இவருக்கு. மூன்றாவது பதவியை 1782இல் எட்மண்ட் பர்க் என்ற எம்.பி. கொண்டுவந்த அரசுச் சிக்கனச் சட்டம் ஒழித்தது. லட்கர்ஷாலின் இடங்கள் 1832 வரை தாக்குப்பிடித்தன.

கே: இது அப்பட்டமான ஊழல் இல்லையா?

பர்க்கே வீண்செலவு என்றுதான் சட்டம் கொண்டுவந்தார். ஆனால் செல்வின் எதையும் ஒளித்துச் செய்யவில்லை. எம்.பி.க்குச் சம்பளம் வந்ததே 1911இல்தான். இன்றைய கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படியுங்கள்; இதை எத்தனை தடவை சொல்வது!

கே: மரண தண்டனைகளை வேடிக்கை பார்க்கப் போவாராமே?

மூன்று பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள். 1747இல் ஸ்காட்லாந்துக் கலகக்காரர் லோவட் பிரபுவின் தலையை வெட்டியபோது பார்க்கப் போனதற்காக யாரோ கண்டித்தார்களாம். "அதற்குப் பரிகாரமாகத் தலையைத் திரும்பத் தைத்ததையும் பார்த்துவிட்டேனே" என்றாராம். அப்புறம், சார்லஸ் ஃபாக்ஸ் என்ற பெயரில் ஒருவன் தூக்கில் தொங்கியபோது, அதே பெயருள்ள அரசியல்வாதி "பார்க்கப் போனீரா?" என்று கேட்க, "ஒத்திகைகளுக்கு நான் போவதில்லை" என்றாராம்.

கே: இதெல்லாம் ஹோரஸ் வால்போல் கட்டிய கதை என்கிறேன் நான்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். எழுத்தாளர் வால்போல் செல்வினின் பள்ளித் தோழர்; ஒரு வம்பு கிடைத்தால் மெருகேற்றாமல் விடமாட்டார். ஊரில் பிறந்த நல்ல துணுக்குகளும் தானாகவே செல்வின் கணக்கில் ஏறின. ஆனால் கதை முழுக்க வால்போலிடமிருந்தே வரவில்லையே! செல்வினின் நண்பர் ஹாலண்ட் பிரபு மரணப் படுக்கையில் வேலைக்காரரிடம் சொன்னதாக ஒன்று உண்டு: "செல்வின் மறுபடி வந்தால் உள்ளே அனுப்பு. நான் உயிரோடிருந்தால் அவரைப் பார்க்க எனக்குச் சந்தோஷம். செத்திருந்தால் என்னைப் பார்க்க அவருக்குச் சந்தோஷம்." இதிலும் மெருகு இருக்கலாம். ஆனால் கேட்டவர்கள் உடனே சிரித்தார்கள் என்றால், செல்வினின் பிணம் பார்க்கும் ஆசை ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

கே: கல்யாணம்?

ஆகவில்லை. மரியா ஃபக்னானி என்ற பெண்ணை மகளாக வளர்த்து, உயிலில் பெருந்தொகை எழுதிவைத்தார்.

கே: என்னிடம் மூன்றாம் ஜார்ஜ் நாணயம் ஒன்று இருக்கிறது. செல்வின் அடித்ததா? என்ன விலை போகும்?

விலையை நாணயம் சேர்ப்பவரிடம் கேளுங்கள். செல்வின் நாணயச்சாலையில் சம்பளம் வாங்கினாரே தவிர எதையும் அடித்தவர் அல்ல.

கே: அவர் பார்த்த தூக்குகளின் பட்டியல் கிடைக்குமா?

கிடைக்காது.