ஊர்ச் சாப்பாட்டைப் பள்ளிக்குக் கொண்டுபோக மகன் வெட்கப்படுகிறான், என்ன செய்வது?

குளச்சலிலிருந்து நாகர்கோவில் பள்ளிக்கு மாறிய உங்கள் மகன், ஏழாம் வகுப்பில், மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் கறியும் டிபனில் வேண்டாம் என்கிறான், பேச்சையும் மாற்றிக்கொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவனைத் திட்டாதீர்கள். அந்த வயதில் தனித்துத் தெரிவது பெரிய பயம். "நீ நீயாக இரு" என்ற அறிவுரை காதில் ஏறாது.

1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் கல்லூரி மாணவர்களிடம் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் வேண்டுமென்றே தவறான விடை சொன்னார்கள். சரியான விடை கண்ணெதிரே இருந்தும் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சாய்ந்தார்கள். வளர்ந்தவர்களே! ஆனால் இன்னும் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னபோது அந்தச் சாய்வு வெகுவாகக் குறைந்தது.

உங்கள் மகனுக்கும் அப்படி ஒரு துணை போதும். சனிக்கிழமை ஒரு வகுப்புத் தோழனை வீட்டுக்கு அழையுங்கள். தேங்காய், பச்சைமிளகாய், சின்ன வெங்காயம் சதைத்துப் போட்டு மசித்த மரச்சீனியை ஆவி பறக்க, மத்திக் கறியோடு பரிமாறுங்கள். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரின் பசியைத் தாங்கிய கிழங்கு இது என்று இருவருக்கும் சொல்லுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956-இல்தான் தமிழகத்தோடு இணைந்தது.

பேச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். பள்ளியில் ஒரு விதம், ஆச்சியிடம் ஒரு விதம் பேசுவது திறமைதான். வீட்டில் யாரும் அதைக் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுக்கத் தொடங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள். யாராவது அவனைத் துன்புறுத்துகிறார்களா என்று கேளுங்கள். வகுப்பாசிரியரை அந்த வாரமே நேரில் பாருங்கள்.