நோட்டில் இல்லாத பெயர்

அன்புள்ள அண்ணா,
ஊர்க்கட்டுப்பாடு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மனிதன் இயல்பிலேயே சுயநலக்காரன், வழக்கம்தான் அவனை ஒழுங்காக வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் வழக்கத்துக்கு மேலே நீதி என்று தனியாக ஒன்று உண்டா?
கா., முத்தியால்பேட்டை

அன்புள்ள கா.,

உண்டு என்றுதான் நம்புகிறேன். ஆனால் வழக்கத்தின் பலத்தை நானும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரே படகில் துடுப்பு வலிக்கும் இருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டா சேர்ந்து வலிக்கிறார்கள் என்று 1740 வாக்கில் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் கேட்டார். நீதியும் அப்படிப் பழகிப் பழகி உண்டான ஏற்பாடு என்பது அவர் வாதம். கடலூர்க் கரையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மீன் விற்ற காசில் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு தானாகப் பிரிந்துவிடும். பத்திரம் கிடையாது.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, கடலூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் நிவாரண அரிசி அளக்கும் வேலையில் இருந்தேன். ஊர்ப் பஞ்சாயத்து தலைக்கட்டுக்கு ஒரு பங்கு என்று பிரித்தது. ஒருவருக்குக்கூட ஒரு படி கூடவில்லை. ஆனால் ஊர்வரி கட்டும் ஆம்பளை இருந்தால்தான் அது தலைக்கட்டு. புருஷன் முன்பே போய், மகனும் இல்லாத ஒரு அக்கா, மடித்த சாக்கோடு மணலில் நின்றார். நோட்டில் பெயர் இல்லை. "வழக்கம் அப்படிம்மா" என்றார் பெரியவர், நோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

கா., அவர் சுயநலக்காரர் இல்லை. நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்திருந்தால் கொடுத்திருப்பார். அது தெரிந்துதான் பார்க்கவில்லை. மனித இயல்பைப் பற்றி நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியாததற்கு அந்தக் குனிந்த தலைதான் காரணம்.

வரிசையில் நின்ற இன்னொரு பெண் தன் அரிசியில் பாதியை அந்தச் சாக்கில் கொட்டினார். நல்ல மனசு. ஆனால் பங்கு வாங்கிய யாரும் கூசவில்லை, இந்த அக்கா கூசினார். அடுத்த வீட்டுக்காரியின் இரக்கத்தை நம்பி ஒருவர் எத்தனை நாள் சாப்பிட முடியும்? நமக்கு நெருங்கியவர்மேல் சுரக்கும் இரக்கம் தள்ளி நிற்பவர்மேல் சுரக்காது என்று ஹியூமும் சொல்கிறார்.

அப்புறம் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் பஞ்சாயத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். அடுத்த முறை நோட்டின் கடைசியில் அந்த அக்காவின் பெயர் இருந்தது. அவர் அரிசியை உடனே வாங்கவில்லை. "சத்தமா ஒரு தடவை படிங்க" என்றார்.