சம்மதம் யாருடையது?

ஐயா,

டிஸ்கஸ், டிபேட், ஆர்கியூ, கன்சல்ட், டெலிபரேட் எல்லாமே எனக்குப் 'பேசுதல்' தான். ஆர்கியூ மட்டும் சண்டை. அலுவலகக் கடிதத்தில் நான் எழுதிய 'டிஸ்கஸ் அபவுட்' என்பதை மேலதிகாரி அடித்துத் திருத்தினார். இவற்றின் வேறுபாட்டை ஓர் அட்டவணையாகத் தருவீர்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அட்டவணை தர மாட்டேன். சொல்லுக்கு நேராக ஒரு பொருளை எழுதி மனப்பாடம் செய்ததால்தான் ஐந்தும் உங்களுக்கு ஒன்றாகிவிட்டன. 'அபவுட்' விஷயத்தில் உங்கள் அதிகாரி சொன்னதே சரி. டிஸ்கஸ் தன் செயப்படுபொருளை நேராக ஏற்கும், இடையில் தரகர் வேண்டாம். ஆர்கியூ பற்றிய அச்சம் பாதி தேவையற்றது: ஒருவரோடு செய்தால் அது வாக்குவாதம், ஒரு கருத்துக்காகச் செய்தால் காரணம் காட்டி நிறுவுதல்.

பேசி முடித்தபின் முடிவு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். டிஸ்கஸ் என்பதன் லத்தீன் மூலத்துக்கு உலுக்கிச் சிதறடித்தல் என்று பொருள். விஷயத்தை உதறிப் பார்த்துவிட்டு, முடிவே எடுக்காமல் எழுந்து போகலாம். டிபேட்டில் இரு தரப்பும் மோத, தீர்ப்பு பெரும்பாலும் கேட்பவர்களிடமோ வாக்கெடுப்பிலோ இருக்கும். டெலிபரேட் என்பதற்குள் ஒரு லத்தீன் தராசு இருக்கிறது. ஜூரிகள் மூடிய அறைக்குள் செய்வது அதைத்தான், பேசுகிறவர்களே எடைபோட்டு அவர்களே முடிவும் சொல்ல வேண்டும். கன்சல்ட் செய்கிறவரோ யோசனை மட்டுமே கேட்கிறார். சொன்னபடி நடக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சொல்லில் இல்லை.

இந்தக் கடைசிச் சொல்தான் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. இளவயதில் ஓர் அமைப்பின் ஆங்கில அறிக்கையை மொழிபெயர்த்தபோது, உறுப்பினர்கள் கன்சல்ட் செய்யப்பட்டார்கள் என்ற வரியை, 'உறுப்பினர்களுடன் கலந்து முடிவெடுக்கப்பட்டது' என்று எழுதினேன். ஓசை நன்றாக இருந்ததில் எனக்குப் பெருமை வேறு. அச்சான பின் முதிய உறுப்பினர் ஒருவர் தேடி வந்தார். கோபப்படவில்லை. "என்னைக் கேட்டார்கள், தம்பி. கூடாது என்றுதான் சொன்னேன். நீங்கள் என் சம்மதத்தையும் சேர்த்து எழுதிவிட்டீர்களே" என்றார். ஆங்கில வரி அவரைக் கேட்டதாக மட்டுமே சொன்னது. சம்மதம் என் கைச்சரக்கு.

இனி உங்கள் கடிதத்தில் கன்சல்ட் என்று எழுதினால், யாரைக் கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதையும் அடுத்த வரியில் எழுதுங்கள். அதையும் அதிகாரி அடித்தால், எனக்கு மீண்டும் எழுதுங்கள்.