பூமர் யார் என்று என் தந்தையும் கேட்டார்

‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்ற அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரில் தன்னை மனிதப் பெண் என்றே நம்பி வாழ்ந்த பூமரை மனிதராகக் கொள்வதா, இயந்திரமாகக் கொள்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடரை இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். இரண்டாம் சீசனை இன்னும் முடிக்கவில்லையென்றால் இதைப் பிறகு படியுங்கள். என்னைப் பொறுத்தவரை அவள் மனிதப் பெண்தான். இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் என் தந்தை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இதயத் துடிப்பு குறைந்து இருமுறை மயங்கி விழுந்த பிறகு, 2011இல் அப்பாவுக்கு இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். அடுத்து வந்த ஒரு திருமணத்தில் உறவினர் ஒருவர் அவரை ‘பேட்டரி மாமா’ என்று அழைக்க, அந்தப் பெயர் பரவிவிட்டது. அப்பா அன்று சிரித்தார்; ஆனால் அதன்பின் விசேஷங்களுக்குப் போவதை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டார். வேடிக்கைக்குச் சொன்னதைப் பெரிதாக்குகிறேன் என்று சிலர் கருதக்கூடும். தொடரில் மனிதர்கள் சைலான்களை, அதாவது பூமரைப் போன்ற இயந்திர இனத்தவரை, ‘டோஸ்டர்’ என்று, ரொட்டி வாட்டும் கருவியின் பெயரால், அழைப்பதைக் கேட்டபோது அவர் முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

மாலை வேளைகளில் அவரும் என்னுடன் அமர்ந்து அந்தத் தொடரைப் பார்த்தார். முதல் சீசனின் முடிவில், தன்னுள் பதிந்திருந்த கட்டளைக்கு ஆட்பட்டு, பூமர் தான் வாழும் விண்கப்பலின் தளபதி அடாமாவைச் சுட்டுவிடுகிறாள். அன்றிரவு அப்பா கேட்டார்: “அந்தப் பொண்ணுக்குத் தான் மெஷின்னு தெரியாம இருந்துச்சே, அதுவரைக்கும் அவ யாருப்பா?” எனக்கு அப்போது விடை தெரியவில்லை.

விடையைத் தொடரே பிறகு தருகிறது என்று நினைக்கிறேன். காவலில் அழைத்துச் செல்லப்படும் பூமரை, ‘கேலி’ (Cally) என்ற பெயருடைய பெண் சுட்டுக் கொல்கிறாள். அவளுக்குக் கிடைப்பது 30 நாள் சிறை. அதுவும் கொலைக்காக அல்ல, அனுமதியின்றித் துப்பாக்கியை இயக்கியதற்காக. கப்பலின் சட்டத்தைப் பொறுத்தவரை அங்கே எவரும் சாகவில்லை. ஆனால் மார்பில் குண்டு பாய்ந்து உயிர் பிழைத்த அடாமா, தன்னைச் சுட்டவளின் சடலத்தின் முன் நின்று அழுகிறார். அவளைக் காதலித்த டைரலிடம், ஓர் இயந்திரத்தை உன்னால் நேசிக்க முடியுமா என்று கேட்கிறார். முடியாது என்கிறான் அவன். அப்படியானால் தங்களோடு அந்தக் கப்பலில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் வாழ்ந்தவள் வெறும் இயந்திரமாக இருந்திருக்க முடியாது என்பதே அடாமாவின் வாதம். இரத்தத்திலும் எலும்பிலும் மனிதரைப் போலவே இருக்கும் சைலானைக் கண்டறிய பால்டார் என்ற விஞ்ஞானி ஒரு சோதனையை உருவாக்குகிறார்; அது பூமரை அடையாளம் காட்டிவிட்டது, அவர்தான் அஞ்சி மறைத்தார். இருந்தும் அடாமா அந்தச் சடலத்தின் முன் நின்று தேடியது சோதனை முடிவை அல்ல.

உயிர்காக்கும் கருவி பொருத்தியவரையும் முழுக்கச் செய்யப்பட்ட சைலானையும் ஒப்பிடலாமா என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள் என்பதை அறிவேன். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் 1958இல் ஸ்டாக்ஹோமில் உலகில் முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஆர்னே லார்சனை எண்ணிப் பாருங்கள். முதல் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. 2001இல் 86 வயதில் இறக்கும்வரை அவருக்கு மொத்தம் 26 கருவிகள் மாற்றப்பட்டன. சைலான் இறந்தால் அதே நினைவுகளுடன் புதிய உடலில் விழிக்கிறது. லார்சனோ அதே உடலில், மீண்டும் மீண்டும் புதிய கருவியுடன் கண்விழித்தார். இருபத்தாறாவது முறையும் அவர் லார்சன்தான் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. பூமரிடம் மட்டும் உடல் எதனால் ஆனது என்று ஏன் முதலில் கேட்கிறோம்?

2019இல் அப்பா காலமானார். மின்மயான வெப்பத்தில் பேட்டரி வெடிக்கும் என்பதால் பேஸ்மேக்கரை அகற்றிய பிறகே உடலைக் கொடுக்க முடியும் என்றார்கள். காரணம் நியாயமானதுதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கையொப்பமிட வேண்டிய படிவத்தில் ‘அகற்றப்பட்ட பொருள்’ என்ற கட்டத்தைச் சுட்டிக்காட்டிய ஊழியர், அப்பாவின் பெயரை ஒருமுறைகூடச் சொல்லாமல், “மெஷின் எடுத்தாச்சு, பாடியை எடுத்துக்கலாம்” என்றார். அம்மா அப்பாவின் காறை எலும்புக்குக் கீழே புதிதாகப் போட்டிருந்த தையலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “எட்டு வருஷம் அவர்கூடவே இருந்துச்சே, அதையும் அவரோடவே அனுப்பக் கூடாதாப்பா?” என்று என்னிடம் கேட்டார்.