கற்றல் கதை திரும்பி வருகிறதா?

சகோதரி, ஆக்லாந்து மழலையர் மையத்தில் நீங்கள் எழுதித் தரும் கற்றல் கதைகளை (ஒரு குழந்தை கற்கும் தருணத்தைப் பதிவுசெய்யும் சிறு குறிப்புகளை) மையத்தார் 'வெறும் வர்ணனை' என்று திருப்பித் தருவதாகச் சொல்கிறீர்கள். நீங்கள் இட்ட மாதிரியைப் படித்தேன்: "மணலில் விளையாடினான், மகிழ்ச்சியாக இருந்தான்." இதை எந்தக் குழந்தைக்கும் எழுதலாமே!

வாளியைக் கவிழ்த்ததும் மணல் சரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து என்ன செய்தான்? தண்ணீர் ஊற்றினானா, பக்கத்தில் இருந்தவளைக் கேட்டானா, எட்டி உதைத்தானா? அந்த ஒரு நிமிடத்தை, அவன் சொன்ன சொல் மாறாமல் எழுதுங்கள். பிறகு, அதில் நீங்கள் கண்ட கற்றல்: விடாமுயற்சியா, ஈரமணல் நிற்கும் என்ற ஊகமா? கடைசியில், நாளை அவனுக்காக எதை எடுத்துவைப்பீர்கள் என்பது. அவசரப்பட்டு நீங்களே வாளியைத் தட்டிக் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். சுயபரிசீலனை என்று அவர்கள் கேட்பது அதைத்தான்.

நியூசிலாந்தின் மழலையர் பாடத்திட்டத்தின் பெயரான 'தெ ஃபாரிக்கி' என்றால் மாவோரி மொழியில் நெய்த பாய். அதற்காகப் பாடத்திட்டத்தின் 5 இழைகளையும் (கற்றல் பிரிவுகளையும்) ஒரே கதையில் நெய்ய வேண்டாம், ஒன்றிரண்டு போதும்.

படங்களையும் குறையுங்கள். நானும் ஒரு காலத்தில் நாளுக்கு நாற்பது படம் எடுத்துவிட்டுக் குழந்தையைப் பார்க்கத் தவறியவள்தான். இப்போது பையில் ஒரு சிறு குறிப்பேடு மட்டும் இருக்கிறது.

திருத்திய கதையை இங்கேயே இடுங்கள், பார்க்கிறேன்.